மக்காவின் பெண்

சவுதியில் ராப் கச்சேரி நடக்கிறது, நாடே மாறிவிட்டது என்று யாராவது பதிவு போட்டால் எனக்கு 2020 பிப்ரவரியில் வந்த ஒரு வீடியோதான் நினைவுக்கு வரும். அசாயில் என்று ஒரு இளம்பெண். எரித்ரிய வம்சாவளி, கறுப்பு நிறம். தலையை மூடிக்கொண்டு ஒரு காபிக் கடையில் நின்று 'மக்காவின் பெண்' என்று ராப் பாடுகிறார், சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். மன்னரைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ ஒரு குறை கிடையாது. மற்ற ஊர்ப் பெண்கள் மேலும் மரியாதை உண்டு, ஆனாலும் எங்கள் மக்காப் பெண் சர்க்கரைக்கட்டி, அவ்வளவுதான் விஷயம். சொந்த ஊர்ப் பெருமை, எந்த ஊரில்தான் இல்லை?

அதற்கு மக்கா மாகாண ஆளுநர், இளவரசர் காலித் அல் ஃபைசல், மக்கா மக்களின் பழக்கவழக்கங்களை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று சொல்லி, பாட்டை எடுத்தவர்களைக் கைது செய்ய உத்தரவிட்டார். வீடியோ யூட்யூபிலிருந்து காணாமல் போனது. ட்விட்டரில் இன்னொரு கூட்டம், நீ மக்காக்காரியே இல்லை, ஆப்பிரிக்காக்காரி, இவளை நாடு கடத்து என்று கத்தியது. எனக்குக் கைது உத்தரவைவிட இதுதான் அதிகம் உறுத்தியது.

இதற்கு ஏழு மாதம் முன்னால், 2019 ஜூலையில், அதே மாகாணத்தில் இருக்கிற ஜித்தாவில் அமெரிக்க ராப் பாடகர் 50 சென்ட் மேடையேறிப் பாடினார். அப்போது எந்தப் பழக்கவழக்கமும் கெடவில்லை. (அதே விழாவுக்கு வருவதாக இருந்த ராப் பாடகி நிக்கி மினாஜ், பெண்கள் மற்றும் தன்பாலீர்ப்பாளர்களின் உரிமையைச் சொல்லி விலகிக்கொண்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.) இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், 2017இல் அதே மாகாணத்துத் தாயிஃப் நகரில் ஒரு பாடகர் மேடையில் 'டாப்' அடித்தார், அதாவது முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து இன்னொரு கையை நீட்டுவோமே, அது. போதைப்பொருள் சைகையாம், பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டே வருடத்தில் அந்த 'டாப்' பிறந்த ராப் இசை நாட்டின் நவீன முகமாகிவிட்டது.

ராப் என்பது போராட்டப் பாட்டு என்று நான் சொன்னதற்கு, அவ்வளவு பணம் இருக்கிற ஊரில் என்னய்யா போராட்டம், யாருக்குக் குறை என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, யாருடைய பணம்? ஹஜ்ஜுக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து மக்காவிலும் ஜித்தாவிலும் தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், 'தக்ரூனி' என்பார்கள் அவர்களை. அங்கேயே பிறந்து வளர்ந்தும் பலருக்குக் குடியுரிமை இல்லை. அடிமை முறையை அந்த நாடு சட்டப்படி ஒழித்ததே 1962இல்தான். கறுப்புத் தோலோடு 'நான் மக்காவின் பெண்' என்று ஒருத்தி சொன்னால் அது அங்கே அரசியல்தான், அவள் அப்படி நினைத்துப் பாடியிருக்காவிட்டாலும்.

2021 அக்டோபரில் ஜித்தாவில் பழைய குடியிருப்புகளை இடிக்க ஆரம்பித்தார்கள். 60க்கும் மேற்பட்ட பகுதிகள், 5 லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு. நஷ்டஈடு குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். அந்த டிசம்பரில் அதே ஊரின் கடற்கரையில் கார் பந்தயம், கூடவே கச்சேரி, பாடியவர்களில் ஒருவர் ராப் பாடகர் ஏசாப் ராக்கி, நியூயார்க் ஹார்லெமில் வளர்ந்தவர். அந்த நியூயார்க்கின் பிராங்க்ஸில், நெடுஞ்சாலைக்காக வீடுகளை இடித்துத் தள்ளிய தெருக்களில் பிறந்த இசைதானே இது! ஜித்தாவில் இடிபட்ட குலைல் பகுதியில் புல்டோசர் ஓடினபோது அந்தச் சத்தம் மேடைக்குக் கேட்டிருக்காது.

சவுதியில் பெண்கள் கார் ஓட்டலாம் என்று 2018 ஜூன் 24 அன்று அனுமதி வந்தபோது லீசா என்கிற பெண் காருக்குள் உட்கார்ந்து, இனி என்னைக் கூட்டிப்போக யாரும் தேவையில்லை என்று பாடிய ராப் பயங்கரமாகப் பரவியது. அவரைக் குறை சொல்லவில்லை, சந்தோஷம் உண்மையான சந்தோஷம்தான். ஆனால் அந்த உரிமையைக் கேட்டுப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் ஒரு மாதம் முன்னால் கைதாகி உள்ளே இருந்தார், வெளியே வர 2021 ஆனது. கொடுத்ததற்கு நன்றி சொல்லும் ராப்புக்குத் தடையில்லை. கேட்டு வாங்குகிற ராப் வந்தால்தான் தெரியும் சேதி.

என் சித்தப்பா ஜித்தாவில் 11 வருடம் ஹவுஸ் டிரைவர், அதாவது ஒரு வீட்டுக்காரர்களுக்குக் கார் ஓட்டும் வேலை. லீசா பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன். "ஸ்டியரிங்க நல்லாத்தான் புடிக்கிது" என்றார். இனி என்னைக் கூட்டிப்போக யாரும் தேவையில்லை என்கிற வரிக்கு அர்த்தம் சொன்னபோது மட்டும் லேசாகச் சிரித்தார், அது அவர் பார்த்த வேலை.

அப்புறம் என் போனை வாங்கி மேப்பில் குலைலைத் தேடினார். வெள்ளிக்கிழமை அறை நண்பர்களோடு போய் டீ குடிக்கிற கடை அங்கே இருந்ததாம். பெரிதாக்கிப் பார்த்தால் மணல் நிறத்தில் வெறும் கட்டம். இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், "பள்ளிவாசலுக்குப் பக்கத்துலதான்டா இருந்துச்சு" என்று.