"வயித்துல இருந்து பாடு" என்றால் போதுமா?

பாட்டு கற்றுக்கொள்ளப் போகிற யாரும் இந்த வரியைக் கேட்காமல் தப்ப முடியாது. "வயித்துல இருந்து பாடு." எப்படி என்று திருப்பிக் கேட்டால், அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். நான் கேட்டது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கல்யாண மேடையிலும் கல்லூரி விழாவிலும் எல்லோரும் கேட்கிற வேகமான சினிமாப் பாட்டை மூச்சு முட்டாமல், சொல்லை மென்று விழுங்காமல், கடைசிச் சரணம் வரை பாட வேண்டும். அதற்குக் காசு கட்டி, வகுப்பு மாற்றி வகுப்பு போய்ப் பார்த்துவிட்டேன். வயிற்றை விட்டால் இன்னொரு பதில்தான் கிடைக்கிறது: "குத்துப் பாட்டுல கத்துக்க என்ன இருக்கு? எனர்ஜியா கத்து, போதும்."

எனக்கு ஆத்திரம் வருவதே இந்தப் பதிலைக் கேட்டுத்தான். கற்றுக்கொள்ள என்ன இருக்கிறதா? நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற பாட்டில் ஒரு தட்டுக்கு அரை நொடி. ஒரு தட்டுக்குள் நான்கு எழுத்து வந்தால் நொடிக்கு 8 எழுத்து. அதில் க்க, ட்ட, த்த, ப்ப என்று ஒற்று இரட்டிக்கிற ஒவ்வொரு இடத்திலும் வாய் அடைத்து, காற்று நின்று, பிறகு சட்டென்று திறக்க வேண்டும். மெலடியில் உயிரெழுத்தை இழுத்துக் குரலைக் காட்டிவிடலாம். இங்கே இழுக்க இடமே கிடையாது. வல்லினம் விழுகிற இடத்தில்தான் தாளமே உட்காருகிறது. நாக்கும் உதடும் கொஞ்சம் சோம்பினாலும் பாட்டு குழைந்துவிடும். வழி தெரியாத பிள்ளை என்ன செய்யும்? தொண்டையை இறுக்கிக்கொண்டு கத்தும். வாத்தியாரும் "இப்பதான் எனர்ஜி வந்திருக்கு" என்று பாராட்டுவார். மறுநாள் காலையில் குரல் கட்டியிருக்கும். இப்படியே கத்திக்கொண்டிருந்தால் குரல் நாணில் முடிச்சு விழலாம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் எவரைக் கேட்டாலும் சொல்வார். அந்தப் பாராட்டைச் சொன்னவர் அப்போது கூட வருவாரா?

சரி, வயிற்றுக்கே வருவோம். உதரவிதானம் என்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும், மூச்சை உள்ளே இழுக்கிற தசை. அது சுருங்கிக் கீழே இறங்குவதால்தான் வயிறு முன்னால் வருகிறது. பாடும்போது காற்றை ஒரேயடியாக விட்டுவிடாமல் அளந்து விடுகிற வேலையில் விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் பெரிய பங்கு. இவ்வளவுதான் விஷயம், இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளக்கலாம். ஆனால் வேகமான பாட்டில் நிதானமாக முழு மூச்சு எடுக்க நேரம் ஏது? வரிக்கும் வரிக்கும் நடுவில் அரைத் தட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். வரி முடிந்த கணமே இறுக்கிய வயிற்றைத் தளர விட வேண்டும். தோளைத் தூக்காமல் வாயைத் திறந்தாலே காற்று தானாக உள்ளே போகும். அந்தச் சின்ன மூச்சு அடுத்த வரிக்குப் போதும். இதை எனக்குச் சொன்னது எந்த வகுப்பும் இல்லை, ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிற ஒரு அக்கா. டீ குடித்துக்கொண்டே போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். மாதாமாதம் கட்டணம் வாங்கியவர்களுக்கு இது ஏன் வாயில் வரவில்லை?

கேட்டுக் கேட்டுப் பாடிப் பழகு என்பார்கள். எதைக் கேட்டு? ஸ்டூடியோவில் வரி வரியாகப் பாட வைத்து, நன்றாக வந்ததை மட்டும் வெட்டி ஒட்டி, நடுவில் கேட்கிற மூச்சுச் சத்தத்தையும் குறைத்துவிடுகிறார்கள். ஸ்ருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் 1997-லேயே வந்துவிட்டது. அப்படிச் செய்த பதிவைப் போட்டுக் காட்டி, "பார், அவர் மூச்சே விடாம பாடறார், உன்னால முடியல" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது அநியாயம். முடியாததை முடியும் என்று காட்டி மனதை உடைக்கிறார்கள்.

கர்நாடக சங்கீதம் சொல்லித் தருகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் வருத்தம். வேண்டிய கருவியெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில் பாடுவது, ஸ்வரங்கள் இரட்டையாக வருகிற ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்தை அழுத்துவது, தாளம் விழுந்த பிறகு தள்ளி எடுப்பது எல்லாமே துள்ளல் பாட்டுக்கு நேரடிப் பயிற்சி. ஆனால் சினிமாப் பாட்டு என்று சொன்னாலே முகம் சுளிப்பார்கள். எல்.ஆர். ஈஸ்வரி பாடிய வேகமான பாட்டுகளில் ஓர் எழுத்து மங்குகிறதா? ஆடி மாதத்தில் கோயில் குழாய் ஒலிபெருக்கியில், அந்தக் கரகரப்பிலும், அவர் பாடுகிற ஒவ்வொரு சொல்லும் தெரு முனை வரை புரிகிறது. அதற்குப் பெயர் கத்தலா?

அப்புறம் இந்தக் கரோக்கே. டிராக் இருப்பது அசல் பாடகரின் ஸ்ருதியில். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கினால் சுகமாகப் பாடக்கூடிய பிள்ளையை, அதே உயரத்தில் முக்கிப் பாட வைத்துவிட்டு, "இந்தப் பாட்டு உனக்கு செட் ஆகாது" என்று தீர்ப்பு சொல்கிறார்கள். ஸ்ருதியை மாற்றும் வசதி போனில் இருக்கிற ஆப்பிலேயே இருக்கிறது. மைக்கும் அப்படித்தான். தலைப் பகுதியைக் கையால் பொத்திப் பிடித்தால் ஒலி அடைபடும், வீலென்று கூவவும் செய்யும். ப-வில் தொடங்கும் சொல்லுக்கு மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் அந்த டப் சத்தம் வராது. மேடை ஏற்றுவதற்கு முன்னால் இதைச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

பாட்டு வாத்தியார்களே, எனர்ஜி எனர்ஜி என்று கைதட்டுவதை நிறுத்துங்கள். அடுத்த வகுப்பில் பாட்டு வரிகளை ஒரு தாளில் எழுதி, எந்தெந்தச் சொல்லுக்குப் பின்னால் மூச்சு எடுக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் கொடுங்கள். நாங்கள் கட்டுகிற பணம் அதற்குத்தான்.