மறதி தொடங்கியவர்கள் நடக்கக் கூடாதா?

"மறதி தொடங்கிய முதியவர்களை நடக்க விடாதீர்கள், மூளைக்குப் போகும் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும்" என்றொரு குரல் பதிவு மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. நடக்கும்போது இதயம் கூடுதலாக ரத்தத்தை இறைக்கிறது. மூளையின் பங்கு காலுக்குப் பறிபோவதில்லை.

பெயர் மறக்கிறது, சொன்னதையே திருப்பிச் சொல்கிறார், ஆனால் சமையல், கடை கண்ணி எல்லாம் தானே பார்க்கிறார் என்றால் அது லேசான அறிவாற்றல் குறைபாடாக இருக்கலாம். இந்த நிலையில் உள்ளவர்களுக்கு வாரம் 2 முறை உடற்பயிற்சி செய்யச் சொல்லும்படி அமெரிக்க நரம்பியல் கழகம் 2018இல் மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனமும் 2019 வழிகாட்டியில் உடலியக்கத்தைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. இரண்டையும் அவற்றின் இணையத்தளங்களில் வாசிக்கலாம். நடந்தால் மறதி அடியோடு போய்விடும் என்று இரண்டுமே சொல்லவில்லை; அப்படி ஒரு பதிவு வந்தால் அதையும் நம்ப வேண்டாம்.

சரி, எப்படி நடப்பது? வெயில் தாழ்ந்த பிறகு கல்லடிப் பழைய பாலத்தில் பெத்தாவோடு (பாட்டியோடு) கதைத்துக்கொண்டே மெதுவாக நடக்கத் தொடங்கலாம். துணைக்கு ஆள் வேண்டும்: விழுந்துவிடலாம், வழி மறக்கலாம். நெஞ்சுவலி, தலைசுற்று, மூட்டுவலி இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். புதிதாக மறதி தெரிந்தாலும் காட்டுங்கள். தைராய்டு குறைபாடோ விட்டமின் பி12 குறைவோகூடக் காரணமாகலாம், அவற்றுக்கு மருந்து உண்டு.

அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.