பித்தளைத் தகட்டில் இருந்த எண்

சென்ற மாதம் எங்கள் பகுதிச் சனசமூக நிலையத்தின் முன்மண்டபத்தில் நான்கு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின் மேல் வெள்ளைத் துணி விரித்து, ஊரவர்கள் தத்தம் வீடுகளில் இருந்து கொண்டுவந்த தொழிற்கருவிகளைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வலை ஊசிகள், சீவுளி, உப்பு வாரும் பலகை, மூட்டை தூக்கும் கொளுக்கி, கொத்தனாரின் கரண்டி, தேய்ந்துபோன ஒரு துடுப்பு என்று அந்த வெள்ளைத் துணி நிறைந்திருந்தது. என் அம்மா தன் பங்குக்கு, அம்மப்பா டொக்யாட்டில், அதாவது பிரித்தானியக் கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கும் துறையில், வேலை செய்த காலத்தில் வைத்திருந்த, எண் பொறித்த பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்து வைத்தார். பெரிய ஏற்பாடுகள் எவையும் இல்லாத அந்தக் கூட்டம், திருகோணமலையில் நான் கண்ட விழாக்களிலேயே மிகவும் பொருள் பொதிந்தது என்று நினைக்கிறேன். அது ஆண்டுதோறும் நடைபெற வேண்டும் என்ற கோரிக்கையோடுதான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்த ஓர் இளைஞர், "வெள்ளைக்காரனுக்குக் கூலி வேலை செய்ததையா அண்ணன் கொண்டாடுறீங்க?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அந்த இடத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை என்பதால், அதற்குரிய பதிலை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1795இல் பிரித்தானியர் இந்தத் துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய நாளில் இருந்து 1957 ஒக்ரோபரில் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன நாள் வரை, இங்கே எது கட்டப்பட வேண்டும், எது பழுதுபார்க்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் நாங்கள் அல்லர் என்பது உண்மை. திருகோணமலைக்கு அருகே உள்ள சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920களில் தொடங்கி 1930கள் வரை, மலேரியா மலிந்த காட்டை வெட்டி, மேடு பள்ளம் சமன்செய்து, நூறு வரையிலான தாங்கிகளை அங்கே எழுப்பினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் எண்ணெய் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அவற்றில் ஒன்று எரிந்து அழிந்தது. இன்றைக்கும் அதன் உருகி வளைந்த இரும்பைப் பார்க்கலாம். இவற்றில் 99 தாங்கிகளை மூன்று தரப்புகளுக்கிடையே பங்கிடும் ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கைச்சாத்தான நாட்களில் எல்லாச் செய்திகளிலும் தாங்கிகளின் பெறுமதி பேசப்பட்டது. இந்து சமுத்திரத்தின் கேந்திர முக்கியத்துவம் பேசப்பட்டது. காடு வெட்டியவரையும் கல் சுமந்தவரையும் பற்றி ஒரு வரியை நான் எங்கும் வாசிக்கவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்கிற அந்த இரும்பை நிறுத்தியவர்களின் வேலை, அதைச் செய்யச் சொன்னவரின் சொத்து ஆகிவிடாது. உத்தரவு இட்டவனுடையது என்றால், கைப்பக்குவம் செய்தவனுடையதுதான்.

அந்தக் கைப்பக்குவம் என்பது வெறும் பேச்சல்ல. தளம் மூடப்பட்டு வேலை போன பிறகு, அம்மப்பா வீட்டின் முன்னால் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டு, சைக்கிள் திருத்தியும் பூட்டுக்குச் சாவி வெட்டியும் ஆறு பிள்ளைகளை வளர்த்தார். டொக்யாட்டில் கற்ற, அரம் பிடித்து அராவும் வேலை அவரது விரல்களில் இருந்தது. எங்கள் பழைய வீட்டுக் கேற்றுக்கு அவர் இரும்புப் பட்டம் வெட்டி, அராவி, துளையிட்டுச் செய்த பிணைச்சல் இரண்டு உண்டு. வீடு ஒரு தடவை எரிந்தது, கேற்றின் மரம் இரண்டு தடவை மாற்றப்பட்டது. அந்தப் பிணைச்சல்களை மட்டும் கழற்றிக் கழற்றி மீண்டும் பூட்டினோம். இன்றைக்கும் அந்தக் கேற் சத்தமில்லாமல் திறக்கிறது.

கூட்டத்தில் அன்று எல்லோரையும் கட்டிப்போட்டவர் திருக்கடலூர்ப் பக்கத்தில் இருந்து வந்திருந்த ஒரு முதியவர். கரைவலைத் தொழிலில் நீண்ட காலம் மண்டாடியாக இருந்தவர். சம்மாட்டிக்கு வலையும் தோணியும் சொந்தம் என்றால், எந்த நேரத்தில் எங்கே வலையை வளைப்பது என்ற தீர்மானம் மண்டாடிக்குரியது. தண்ணீரின் நிறத்தையும் பறவை தாழ்வதையும் பார்த்து மீன் படையை அறிபவர் அவர். கிழிந்த வலைத்துண்டு ஒன்றைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடக்கையில் மூங்கில் சிலாகையும் வலக்கையில் ஊசியுமாக அவர் பின்னத் தொடங்கியபோது, சுற்றி நின்ற பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்; வலையைப் பார்க்கவே இல்லை. "அப்பு, பார்க்காமல் பின்னினால் வலையின் கண் சின்னதும் பெரிசுமாய் வராதா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "கண்ணை விரல் பார்க்கும் பிள்ளை" என்றார் அவர். பிறகு, வலை இழுக்கும்போது பாடும் அம்பா இரண்டடியைக் கரகரத்த குரலில் சொல்லிக் காட்டினார். நாற்பது பேர் ஒரே கயிற்றை ஒரே மூச்சில் இழுப்பதற்கு அந்தப் பாட்டு எப்படித் தாளம் கொடுக்கிறது என்பதை, அங்கேயே பிள்ளைகளிடம் ஒரு கயிற்றைக் கொடுத்து இழுக்கவைத்துக் காட்டிவிட்டார்.

இதைச் சொல்லும்போது, அந்த மேசையில் வைக்கப்படாத சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் தீராமல், பருவத்துக்குப் பருவம் அதே வாடிக்கு, அதாவது கரையில் போடும் மீன்பிடிக் குடிலுக்கு, கட்டுண்டு கிடந்த குடும்பங்களின் கதையும் கரைவலையின் வரலாறுதான். வலைத்தொழிலையும் தச்சையும் சலவையையும் முடிதிருத்துவதையும் சொல்லி ஆட்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் எங்கள் முன்னோர்கள். அந்த வழக்கம் முற்றாக ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எங்களால் இன்றும் முடியாது. அன்றைய கூட்டத்துக்குத் தன் தந்தையின் கருவிகளைக் கொண்டுவரத் தயங்கி, வெறுங்கையோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவரை நான் அறிவேன். அவர் தயக்கமின்றி முன்வரிசைக்கு வந்து அந்தக் கருவிகளை வைக்கும்வரை எங்கள் கொண்டாட்டம் அரைகுறையானது.

பெண்களின் வேலையும் அன்று குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. மீன் கரைக்கு வந்த பிறகு அதைக் கீறி, உப்பிட்டு, பாயில் பரப்பி, காகத்தையும் நாயையும் விரட்டிக் கருவாடாக்குகிறவர்கள் யார்? நிலாவெளி உப்பளத்தின் கண் கூசும் வெள்ளைப் பரப்பில் உப்பைக் கூட்டி வாரியவர்களிலும், தம்பலகாமத்து வயலில் நாற்று நட்டவர்களிலும் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? இந்த வேலைகளுக்கெல்லாம் தனியாகக் காட்சிக்கு வைக்க ஒரு கருவி கிடைப்பதில்லை. கை மட்டுமே கருவி. ஆகவே அடுத்த முறை பொருட்களோடு நின்றுவிடாமல், அவர்களை இருத்திவைத்து அவர்கள் வாயால் சொல்வதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாவட்டத்தின் உழைப்பு ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதல்ல. மூதூரிலும் கிண்ணியாவிலும் எருமை மேய்த்துத் தயிர்ச்சட்டி சுமந்தவர்கள், 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகைச் செலுத்தி எங்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் சேர்த்தவர்கள், புல்மோட்டையில் இல்மனைற் மணல் அள்ளியவர்கள், கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலைக்குக் கரும்பு வெட்டி, பின்னர் அது மூடப்பட்டபோது வெறுங்கையோடு நின்றவர்கள், வாடைக்காலம் ஓய்ந்ததும் நீர்கொழும்பில் இருந்தும் சிலாபத்தில் இருந்தும் வந்து எங்கள் கரையில் வாடி அமைத்த சிங்கள மீனவர்கள், கேரளத்தில் இருந்து வந்து டொக்யாட்டில் வேலை செய்து இங்கேயே பெண்ணெடுத்து எங்களோடு கலந்துவிட்டவர்கள் ஆகிய எல்லோருக்கும் அந்த வெள்ளைத் துணியில் இடம் இருக்க வேண்டும். எங்கள் பகுதிச் சனசமூக நிலையம் சிறியதுதான். ஆனாலும் அழைப்பிதழைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுவதற்கு மண்டபம் பெரிதாக இருக்கத் தேவையில்லை.

எனக்கு உள்ள அவசரம் வேறு. எண்பத்து மூன்றிலும் எண்பத்தைந்திலும் தொண்ணூறிலும் கலவரத்துக்கும் போருக்கும் அஞ்சி ஓடியவர்கள் நாங்கள்; 2004 மார்கழியில் கடலும் வந்து எடுத்துக்கொண்டு போனது. சம்பளப் புத்தகம், சேவைச் சான்றிதழ், தொழிற்சங்க அட்டை என்று ஒரு தொழிலாளியின் வாழ்நாளுக்கு ஆதாரமாக இருக்கக்கூடிய காகிதங்கள் பெரும்பாலான வீடுகளில் எஞ்சவில்லை. எங்கள் வீட்டில் எஞ்சியதும் பித்தளை என்பதால்தான் எஞ்சியது. நிலாவெளி வீதியில் உப்புவெளியைக் கடக்கும்போதெல்லாம் அங்குள்ள பொதுநலவாயப் போர் மயானத்தைப் பார்க்கிறேன். புல் வெட்டி, வரிசை பிசகாமல், பெயரும் வயதும் பொறித்த கற்கள். தூரதேசத்தில் இருந்து வந்து இங்கே இறந்தவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்திருப்பது சரியானதே. துறைமுகத்திலும் தாங்கிகளிலும் கடலிலும் வேலை செய்யும்போது இறந்த எங்கள் ஊரவருக்கு அப்படிப் பெயர் பொறித்த ஒரு கல்லை நான் இந்த நகரத்தில் கண்டதில்லை. கல் நாட்டுவதற்குப் பணமும் அனுமதியும் வேண்டும். பெயர்களை எழுதி வைப்பதற்கு ஒரு கொப்பியும் பேனாவும் போதும், அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள்.

கூட்டத்துக்கான நாளாக ஏப்ரல் 9ஐ நான் முன்மொழிகிறேன். குண்டு விழுந்த நாளை எண்ணெய்த் தாங்கியின் கதையாகவே இதுவரை சொல்லி வந்திருக்கிறோம். அதை அந்தத் தாங்கியைக் கட்டியவர்களின் நாளாக மாற்றிக்கொள்ளலாம். சித்திரை வருடப்பிறப்புக்கு ஐந்து நாட்களே இருக்கும் என்பதால், கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிறவர்களில் பலர் வீட்டுக்கு வந்திருப்பார்கள். வரும்போது பரணில் கிடப்பதை எடுத்து வாருங்கள். துருப்பிடித்திருந்தால் துடைக்க வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள்.

அந்த இளைஞர் கூட்டம் முடிந்து போகும் முன் மீண்டும் மேசைக்கு வந்தார். தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண் மட்டும்தானே இருக்கு, பெயர் இல்லையா?" என்றார். பெயரைச் சொன்னேன். ஒரு துண்டுக் காகிதத்தில் தன் கையாலேயே அதை எழுதி, தகட்டின் கீழே செருகிவிட்டுப் போனார். அந்தக் காகிதத்தை அம்மா தகட்டோடு சேர்த்துத் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறார்.