மானியக் கோரிக்கைகளும் குழு ஆய்வும்: ஒரு சாலைக்கான கேள்வியை எப்போது கேட்பது?

ஒன்றிய அரசின் நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலா குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, டெல்லியையும் குருகிராமையும் இணைக்கும் துவாரகா விரைவுச்சாலை தொடர்பான இரண்டு எண்களே எங்கும் பேசப்பட்டன. பாரத்மாலா திட்டத்துக்கு அமைச்சரவைக் குழு ஏற்ற செலவு கிலோமீட்டருக்கு 18.20 கோடி ரூபாய். இந்தச் சாலைக்கு அனுமதிக்கப்பட்டதோ கிலோமீட்டருக்கு 250.77 கோடி ரூபாய். முன்னது நாடு தழுவிய சராசரி, இங்கே உயர்மட்டச் சாலையும் சுரங்கப்பாதையும் வருவதால் ஒப்பீடே பொருந்தாது என்று அரசு பதிலளித்தது. அந்தப் பதில் சரியாகவே இருக்கட்டும். அவ்வளவு நீளத்துக்கு உயர்மட்டச் சாலை தேவைதானா என்ற கேள்வி, தூண்கள் எழுந்த பிறகு தணிக்கை அறிக்கையின் வழியாக மக்களை வந்தடைவதுதான் எனக்குப் பெருங்குறையாகத் தெரிகிறது.

செலவுக்கு முன்பே கேட்பதற்கான ஏற்பாடு நாடாளுமன்றத்தில் இருக்கிறது. 1993 முதல் செயல்படும் துறைசார் நிலைக்குழுக்கள், இப்போது எண்ணிக்கையில் 24, ஒவ்வொன்றிலும் இரு அவைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர்கள். நிதிநிலை அறிக்கை வைக்கப்பட்டபின் நாடாளுமன்றம் இடைவேளை விடும் வாரங்களில், இக்குழுக்கள் துறைச் செயலாளர்களை அழைத்து மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் தன் ஆண்டுச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் தொகைகளை, வரிவரியாக ஆராய்கின்றன. கடந்த ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவாயிற்று, நிலம் கைக்கு வராமலே தொடங்கிய பணிகள் எத்தனை என்றெல்லாம் கேட்கின்றன. 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் மக்களவை எல்லா மானியக் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேற்றியது. அந்த ஆண்டுகளில் நெடுஞ்சாலைத் துறையின் கணக்கை உறுப்பினர்கள் உட்கார்ந்து படித்த இடம் என்று ஒன்று இருந்தால், அது குழு அறைதான்.

குழுக்களின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, கேட்ட தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் போன்ற எதையும் அவை முன்மொழியக் கூடாது என்று விதியே சொல்கிறது, அமைச்சர்களை அவை அழைப்பதில்லை, கூட்டங்களும் மூடிய கதவுகளுக்குள் நடக்கின்றன. ஆயினும் பரிந்துரைகள் மீது எடுத்த நடவடிக்கையை அரசு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்பதால் ஒரு பதிவாவது மிஞ்சுகிறது. கேரளச் சட்டமன்றம் இதற்கும் முன்பே, 1980-இல், பொருள்வாரிக் குழுக்களை அமைத்தது. அங்கே மானியக் கோரிக்கைகள் அக்குழுக்களின் பார்வைக்குப் போய்த் திரும்புகின்றன.

தமிழ்நாட்டில், செலவான பணத்தின் கணக்கைப் பார்க்கும் பொதுக் கணக்குக் குழுவும், மதிப்பீடுகளில் சிக்கனத்துக்கு வழி தேடும் மதிப்பீட்டுக் குழுவும் உண்டு. ஆனால் நெடுஞ்சாலை, கட்டடம், நீர்வளம் ஆகிய துறைகளின் மானியக் கோரிக்கைகள் நேரே அவைக்கு வருகின்றன. துறையின் பணிகளையும் திட்டங்களையும் விளக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு பெரும்பாலும் விவாத நாளன்றுதான் உறுப்பினர் கைக்குக் கிடைக்கிறது. அதைப் புரட்டிப் பார்ப்பதற்குள் பேச வேண்டிய முறை வந்துவிடுகிறது. விவாதம் முடிந்து அமைச்சர் பதிலுரை வழங்கும்போதுதான் புதிய பாலங்களும் தடுப்பணைகளும் புறவழிச்சாலைகளும் அறிவிப்புகளாக வாசிக்கப்படுகின்றன. மேசைகள் தட்டப்படுகின்றன, வாக்கெடுப்பு முடிகிறது. அந்தத் தடுப்பணை அந்த இடத்தில் ஏன், கடைமடைக்குத் தண்ணீர் குறையாதா, மதிப்பீடு எந்த ஆண்டின் விலைப்பட்டியலின்படி போடப்பட்டது என்று அதற்குப்பின் கேட்க அவையில் நேரம் இல்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த நடைமுறை மாறவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

குழு வந்தால் பணிகள் தாமதமாகும் என்பது வழக்கமான மறுப்பு. நில எடுப்பிலும் திருத்திய மதிப்பீடுகளிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கப் பழகிய நாம், மூன்று வார ஆய்வுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இதற்கு அரசியலமைப்புத் திருத்தமும் தேவையில்லை. பிரிவு 208 தன் நடைமுறை விதிகளை வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்கே தந்திருக்கிறது. முதற்கட்டமாக, பொதுப்பணி சார்ந்த அந்த மூன்று துறைகளுக்கு மட்டும், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, பதிலுரையில் வாசிக்கப்படவுள்ள புதிய பணிகளின் பட்டியலை மதிப்பீடுகளோடு சேர்த்து அதன்முன் முன்கூட்டியே வைக்கட்டும்.