டன்னல் பச்சை காட்டினால் மட்டும் போதாது
கிண்டி அலுவலகத்துக்கும் அம்பத்தூர் கிடங்குக்கும் இடையிலான ஐபிசெக் டன்னல் (இரு நெட்வொர்க்குகளை இணையம் வழியே பூட்டி இணைக்கும் பாதை) 'இணைந்தது' என்று காட்டுவதால் ரூட்டிங்கும் (பாக்கெட் போகும் வழி) ஃபயர்வாலும் (தடுப்பு விதிகள்) சரி, பிங் (மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகாததற்கு இணைய நிறுவனமே காரணம் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் ஆமோதித்திருக்கிறார்கள்.

மன்னிக்கவும், அப்படி முடிவு கட்ட முடியாது. 'இணைந்தது' என்றால் இரு கேட்வேகளும் (டன்னலின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள்) சாவிகளைப் பரிமாறி ஒப்புக்கொண்டன என்பது மட்டுமே பொருள். பாக்கெட் (தரவுத் துண்டு) போவதும் திரும்புவதும் வேறு விஷயம்.

நீங்களே சோதிக்கலாம். கிண்டியிலிருந்து பிங்கை ஓடவிட்டு, இரு கேட்வேகளிலும் டன்னலின் பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள். கிண்டியில் 'அனுப்பியது' ஏறவில்லையா? கோளாறு அங்கேயே: ரூட், ஃபயர்வால் விதி, அல்லது டன்னலுக்குள் போகவேண்டிய பாக்கெட்டின் முகவரியை நாட் (NAT, முகவரி மாற்றும் வசதி) மாற்றிவிடுகிறது. அம்பத்தூரில் 'பெற்றது' ஏறி, 'அனுப்பியது' அசையாமல் நின்றால், அந்தப் பக்கத்து ஃபயர்வாலையும் திரும்பும் ரூட்டையும் பாருங்கள். பலர் மறப்பது இந்தத் திரும்பும் ரூட்டைத்தான். பிங் போய்ச் சேரும் அம்பத்தூர்க் கணினியின் சொந்த ஃபயர்வாலும் பதிலைத் தடுக்கக்கூடும்.

கிண்டியில் 'அனுப்பியது' ஏறியும் அம்பத்தூரில் 'பெற்றது' பூஜ்யமாகவே இருந்தால், அப்போது இணைய நிறுவனத்தைக் கேட்பது நியாயம்.