சிரித்தது போதும், அந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்

வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைக் கேலி செய்து நம் ஊர் அண்ணன் ஒருவர் போட்ட காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிட்டது. தோலைக் கறுக்க வைக்கப் புற ஊதா விளக்கடியில் படுக்கும் டேனிங் படுக்கையை விட முடியவில்லை என்று அந்த வெள்ளைக்காரப் பெண் அழுகிறாள். நம் ஆள், "பத்துமலை படியில மத்தியானம் நிக்கச் சொல்லு, காசில்லாமக் கறுக்கலாம்" என்கிறார். கீழே சிரிப்புப் பொம்மைகள் கொட்டிக் கிடக்கின்றன.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அடிமைப் பழக்கம். திமிரோ பணக்கார விளையாட்டோ இல்லை. புற ஊதாக் கதிர் பட்டால் தோலிலேயே எண்டார்ஃபின் என்ற, சுகம் தரும் ரசாயனம் சுரக்கிறது. 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்குத் தினமும் அந்தக் கதிரைக் கொடுத்து, பிறகு எண்டார்ஃபினைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, போதையை நிறுத்தியது மாதிரி அவை நடுங்கின.

"குடியோடு போய் இதைச் சேர்ப்பதா?" என்பீர்கள். சேர்த்தவர்கள் ஆய்வாளர்கள். குடிப்பழக்கத்தை அறிய ஜான் யூயிங் என்ற மருத்துவர் வகுத்த நான்கு கேள்விகளைத்தான் டேனிங்குக்கும் மாற்றி எழுதினார்கள். குறைக்க வேண்டும் என்று நினைத்தாயா? யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா? குற்ற உணர்வு உண்டா? காலையில் எழுந்ததும் அதே நினைப்பா? இரண்டுக்கு ஆமாம் என்றாலே கவனிக்க வேண்டிய விஷயம். 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டேனிங் படுக்கையைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பிரிவில் வைத்தது. இதிலா சிரிப்பு?

"நம்ம கோலாலம்பூர்ல எவன் அதுல படுக்கிறான்?" சரி, யாரும் படுக்க வேண்டாம். நம் வீட்டு அலமாரியைத் திறப்போம்.

என் தங்கச்சி பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு முகக் கிரீம் வாங்கினாள். பெயர் ஒட்டாத வெள்ளை டப்பா, உள்ளே மஞ்சள் பசை. முதலில் முகம் பளபளத்தது. நிறுத்தியதும் கன்னம் முழுக்கச் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசினாள், அடங்கியது. மறுபடி நிறுத்தினாள், முன்னைவிட மோசம். ஸ்டீராய்டு கலந்த கிரீம் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும் என்று தோல் மருத்துவர் சொன்னார். இன்னும் சில கிரீம்களில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் சுகாதார அமைச்சும் எத்தனையோ தடவை எச்சரித்துவிட்டது.

இரண்டும் ஒரே வியாதி என்று நான் சொல்லவில்லை. அங்கே எண்டார்ஃபின், இங்கே பழகிப்போன தோல். ஆனால் அந்த நான்கு கேள்விகளையும் தங்கச்சியிடம் கேட்டிருந்தால் நான்குக்கும் தலையாட்டியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. கிரீமை நிறுத்தி முகம் தேறிவந்த சமயத்தில் எங்கள் அத்தை, கல்யாண மண்டபத்தில் எல்லார் முன்னாலும், "என்னடி, மறுபடியும் கறுத்துட்ட?" என்றார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

"எல்லாவற்றையும் சீரியஸா எடுக்காதே" என்று கருத்துப் போட வருபவர்களுக்கு: எடுப்பேன். மாப்பிள்ளை வீட்டார் நிறம் கேட்கிறார்கள், விளம்பரம் நிறம் விற்கிறது, கறுத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்கிறோம். அந்தப் பெண் அவள் ஊரில் கறுக்கத் துடிக்கிறாள், நம் பெண் இங்கே வெளுக்கத் துடிக்கிறாள். அவளைப் பார்த்துச் சிரித்த அதே வாய்தான் என் தங்கச்சியையும் கேட்டது.

காணொளி போட்ட அண்ணனே, அதை அழிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழேயே அந்த நான்கு கேள்விகளைப் போடுங்கள். உங்களைப் பார்க்கிற பெண்பிள்ளைகள் நிறைய பேர்.