'க்வைட் குட்' என்றால் திட்டா?

நேற்று நடந்ததைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நண்பரின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு 'க்வைட் குட்' (quite good) என்று எழுதினேன். 'சுமார்னு சொல்லிக் குத்திட்டியே' என்று வரிசையாக வந்து பாய்ந்தீர்கள். நான் பாராட்டித்தான் எழுதினேன்.

'க்வைட்' தனியாக நின்றால் அதற்குப் பொருள் சொல்ல முடியாது. பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது, யார் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். 'க்வைட் குட்' என்று பிரிட்டனில் ஒருவர் சொன்னால் பெரும்பாலும் 'ஓரளவு நல்லது'. அமெரிக்கர் சொன்னால் 'நன்றாகவே இருக்கிறது'. அதே பிரிட்டன்காரர் 'க்வைட் இம்பாசிபிள்' என்றால்? ஓரளவு முடியாதது என்று எவராவது புரிந்துகொள்வார்களா? முடியவே முடியாது என்றுதான் பொருள். 'க்வைட் எ ஃபியூ' என்றால் நிறைய. பக்கத்துச் சொல்லைப் பாருங்கள் என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

'க்வைட்' என்றால் 'ஓரளவு' என்று அகராதியின் ஒரு வரியைப் படம் பிடித்துப் போட்டவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'முற்றிலும்' என்பதுதான் இந்தச் சொல்லின் பழைய பொருள். 'ஓரளவு' பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டும் அகராதியில் இருக்கின்றன. நீங்கள் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்தீர்கள்.

நம்முடைய 'பரவாயில்லை'யை எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்துச் சொன்னால் சலிப்பு. 'பரவாயில்லையே!' என்று கண்ணை விரித்துச் சொன்னால் பாராட்டு. தமிழில் இது புரிகிறது, ஆங்கிலம் என்றதும் ஏன் புரியாமல் போகிறது?

முதல் வேலையில் என் அறிக்கையின் ஓரத்தில் ஆங்கிலேய மேலாளர் இதே இரண்டு சொற்களை எழுதியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அவர் 'தேவலாம்' என்ற அளவில்தான் எழுதியிருந்தார் என்று பல மாதம் கழித்து ஒருவர் விளக்கினார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்பீர்கள். சரி, தெரியும். ஆனால் அந்த மேலாளர் அறிமுகமில்லாதவர். நீங்கள் பத்து வருடமாக என்னைப் படிப்பவர்கள். அடுத்தவர் உழைப்பை நான் எப்போது மட்டம்தட்டினேன்? ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்டிருக்கலாம். 'இங்கிலீஷ் தெரியாதவனுக்கு ஏன் இந்த வேலை' என்று எழுதினீர்களே, அதை இரவு முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

நண்பர் இன்னும் பதில் போடவில்லை. அவருக்கு மட்டும் தமிழிலேயே சொல்கிறேன்: மூன்றாவது அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். ரொம்ப நன்றாக இருந்தது.